வைகைக் கரையோடு ஒரு காலை: ஆரப்பாளையம் முதல் தெப்பக்குளம் வரை நடக்க முழு வழிகாட்டி

மதுரைக்கு வருகிறவர்கள் ஊரைக் கோயிலிலிருந்துதான் பார்க்கத் தொடங்குவார்கள். ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று மீனாட்சியை நடுவில் வைத்துச் சுற்றச் சுற்ற ஊர் விரியும். நல்ல வழிதான். ஆனால் அப்படிச் சுற்றினால் வைகை கண்ணில் படாது. பட்டாலும் டவுன் பஸ் ஜன்னலோரம், பாலத்தைக் கடக்கிற அரை நிமிடம்தான்.

இந்த வழிகாட்டி ஆற்றோரமாகவே போகிறது. ஆரப்பாளையத்தில் தொடங்கி, தென்கரையில் சிம்மக்கல், யானைக்கல் வரை வந்து, ஆற்றைக் கடந்து, செல்லூர், கோரிப்பாளையம், ஆழ்வார்புரம் பார்த்துவிட்டு, மறுபடி தென்கரைக்கு வந்து தெப்பக்குளத்தில் முடிகிறது. சுற்றுவழி எல்லாம் சேர்த்தால் எட்டு, ஒன்பது கிலோமீட்டர் வரும். நின்று நிதானமாகப் பார்த்தால் ஐந்து மணி நேரம் ஆகும்.

ஒரே ஒரு வேலையை மட்டும் வழியெல்லாம் செய்யுங்கள். எங்கே "படித்துறை" என்ற பெயர் வந்தாலும் நின்று, இங்கிருந்து தண்ணீர் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். பேச்சியம்மன் படித்துறை, திருமலைராயர் படித்துறை, ஓபுளா படித்துறை. இன்றைக்கு இவை பஸ் நிறுத்தத்தின் பெயர், தெருவின் பெயர், பாலத்தின் பெயர். ஒரு காலத்தில் குடத்தோடு மக்கள் இறங்கிய இடங்கள். அந்தப் பெயருக்கும் இன்றைய தண்ணீருக்கும் இடையே உள்ள தூரம்தான் கடந்த நூறு வருஷத்து மதுரை.

கிளம்புவதற்கு முன்

வைகை எப்போதும் ஓடுகிற ஆறு இல்லை. வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் வருகிறது. ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் 1959-இல் அணை கட்டிய பிறகு, மதுரைக்குள் தண்ணீர் வருவதும் வராததும் பெரும்பாலும் அணையின் மதகைப் பொறுத்தது. அந்த அணைக்கே பெரும்பங்கு தண்ணீர் முல்லைப் பெரியாறிலிருந்து வருகிறது. 1895-இல் அந்த அணை எழுந்து, மேற்கே போகிற தண்ணீரை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பியிருக்காவிட்டால், வைகையை நம்பிய வயல்களின் கதையே வேறு.

தண்ணீரோடு பார்க்க ஆசை என்றால் ஐப்பசி, கார்த்திகை. நடப்பதற்குச் சுகம் என்றால் மார்கழி, தை. பங்குனி தாண்டிவிட்டால் காலை எட்டரைக்குள் முடிகிற தூரம் மட்டும் நடங்கள், மிச்சத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் அப்புறம் நடக்க விடாது. சித்திரைத் திருவிழா நாட்கள் தனிக் கணக்கு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தண்ணீர் பாட்டில், நனைந்தாலும் பரவாயில்லை என்கிற செருப்பு, தலைக்கு ஒரு துண்டு. துண்டு வெயிலுக்கும் ஆகும், தர்காவில் தலையை மூடவும் ஆகும். அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள் என்று செய்தி வந்திருந்தால் ஆற்றுக்குள் இறங்கவே வேண்டாம். மேலே அமைதியாகத் தெரிகிற இடத்தில் கீழே மணல் அள்ளிய பள்ளம் இருக்கும்.

முதல் இடம்: புட்டுத்தோப்பு

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு தேனி, திண்டுக்கல், கோவைப் பக்கத்துப் பஸ்கள் வந்து நிற்கிற இடம். காலை ஆறு மணிக்கு அங்கே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு, புட்டுத்தோப்பு எங்கே என்று கேளுங்கள். யாரும் கை காட்டுவார்கள்.

வைகை உடைத்துக்கொண்டு வந்தது, வீட்டுக்கு ஒரு ஆள் கரையை அடைக்க வரவேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போட்டான், பிட்டு விற்கிற வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை, உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு சொக்கநாதரே மண் சுமக்க வந்தார் என்கிற கதை உங்களுக்குத் தெரியும். அரசன் கோபத்தில் பிரம்பால் அடித்தான், அடி எல்லா உயிர் மேலும் விழுந்தது. அந்தக் கதையின் இடம் இதுதான். ஆவணி மூலத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் கோயிலை விட்டு இங்கே வந்துவிடுவார்கள். பெரிய கோயிலின் நடை அன்றைக்குச் சாத்தியிருக்கும். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும், திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வருவார்கள்.

நான் இதைப் பக்திக் கதையாக மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. ஊருக்கு மேற்கே, ஆறு ஊருக்குள் நுழைகிற இடத்தில் கரை உடையும் என்கிற அனுபவம் இந்தக் கதைக்குள் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு ஆள் கரைக்கு வரவேண்டும் என்பது குடிமராமத்து, ஊர் மக்களே கூடிக் கரையையும் கண்மாயையும் பராமரிக்கிற பழைய முறை. கடவுளுக்கே கூடையைக் கொடுத்து மண் சுமக்கச் சொன்ன ஊர் இது. சாதாரண நாளில் போனால் தோப்பு எதுவும் இருக்காது. வீடுகளுக்கு நடுவே கோயில் மட்டும் இருக்கும். ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டாவது: பேச்சியம்மன் படித்துறை

இங்கிருந்து சிம்மக்கல் நோக்கி ஆற்றோரச் சாலையிலேயே கிழக்கே வரவேண்டும். இரு கரையிலும் சாலையும் தடுப்புச் சுவரும் வந்த பிறகு நடப்பதற்கு வசதிதான். ஆனால் சுவர் வந்த இடத்திலெல்லாம் படித்துறைக்கும் ஆற்றுக்கும் இருந்த பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. பேச்சியம்மன் கோயில் முன்னால் நின்று பாருங்கள். அம்மன் இருக்கிறாள், பெயர் இருக்கிறது. ஆற்றைப் பார்க்கச் சாலையைக் கடந்து போய் எட்டிப் பார்க்க வேண்டும்.

என் அப்பத்தா கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்த கதையை அடிக்கடி சொல்லும். முழங்கை ஆழம் தோண்டினால் முதலில் கலங்கல் வருமாம். அதை இரண்டு மூன்று தடவை அள்ளிக் கொட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமாம். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து தெளிந்து ஊறும். அதை அகப்பையால் மொண்டு, வேட்டித் துணியில் வடிகட்டி, குடத்தில் ஊற்றிக்கொண்டு வரவேண்டும். "ஆத்துல தண்ணி இல்லைன்னு யாரும் சொன்னதில்லடா, மேல இல்லாட்டி கீழ இருக்கும்" என்று சொல்லும். இப்போது சுவரோரம் நின்று பார்த்தால் அந்த மணலே இல்லை. களிமண்ணும் நாணலும் சீமைக்கருவேலமும், தேங்கிய இடத்தில் ஆகாயத்தாமரையும். மணல் போனதோடு ஊற்றும் போய்விட்டது. இந்த நடையில் மனதுக்குக் கஷ்டமான இடம் எனக்கு இதுதான். அதனாலேயே இதைத் தாண்டிப் போகாதீர்கள், நின்று பாருங்கள்.

மூன்றாவது: சிம்மக்கல்

இங்கே ஒரு மணி நேரமாவது வேண்டும். ரயில் பாலத்தைத் தாண்டி வந்தால் சிம்மக்கல். கல்லில் செய்த சிங்கத்தால் வந்த பெயர். திருமலைராயர் படித்துறை இப்போது கடைகளும் ஒர்க்‌ஷாப்புகளும் சரக்கு வண்டிகளும் நிறைந்த தெரு. அந்தத் தெருவில் நடக்கும்போது தரையின் சரிவைக் கவனியுங்கள். ஆற்றை நோக்கி மெல்ல இறங்கும். கட்டடங்கள் எல்லாவற்றையும் மறைத்தாலும் சரிவை மறைக்க முடியவில்லை.

முதலில் பழைய சொக்கநாதர் கோயில். ஆதி சொக்கநாதர் என்றும் சொல்வார்கள். பெரிய கோயிலின் கூட்டத்துக்குப் பிறகு இந்தக் கோயிலுக்குள் நுழைந்தால் காது ஓய்ந்துவிடும். அடுத்து செல்லத்தம்மன் கோயில். இங்கே கண்ணகிக்கும் சிலை உண்டு. கோவலனும் கண்ணகியும் வடகரையிலிருந்து மரப்புணையில் வைகையைக் கடந்து தென்கரை சேர்ந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. புணை வேண்டியிருந்தது என்றால் ஆற்றில் அவ்வளவு தண்ணீர். அவர்கள் எந்தத் துறையில் இறங்கினார்கள் என்று யாராலும் காட்ட முடியாது. ஆனால் ஆற்றைக் கடந்து வந்த பெண்ணுக்கு ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சிலை இருக்கிறது என்பதே எனக்குப் போதும்.

பசிக்கும். தெருவோரத்தில் இட்லிக் கொப்பரை வைத்திருக்கிற அக்காக்களில் ஒருவரிடம் உட்காருங்கள். தட்டைத் தூக்கிக் கவிழ்த்து, துணியின் முதுகில் தண்ணீரைக் கையால் தெளித்து, ஒரு ஓரத்தைப் பிடித்து மெதுவாக உரிப்பார்கள். இட்லி துணியை விடுகிற அந்தக் கணத்தில் ஆவி முகத்தில் அடிக்கும். அவசரப்பட்டு உரித்தால் இட்லியின் தோல் துணியோடு போய்விடும்; அதனால் எவ்வளவு கூட்டம் நின்றாலும் அந்த ஒரு வேலையில் மட்டும் அவர்கள் கை அவசரப்படாது. நான் போன தை மாதம் ஒரு அக்காவிடம் கேட்டேன்.

"ஏங்க்கா, ஆத்துல தண்ணி வருதா?"

"நேத்து ராத்திரியே தொறந்துட்டாங்களாம் தம்பி. கல்பாலம் பக்கம் போனா தெரிஞ்சிரும். சாப்ட்டுட்டுப் போ, தண்ணி எங்கிட்டும் ஓடிராது."

சாயங்காலம் இந்தப் பக்கம் வர நேர்ந்தால் கோனார் மெஸ்ஸில் கறி தோசை சாப்பிடுங்கள். கனமான தோசை மேல் முட்டை, அதன் மேல் கொத்துக்கறி. ஒன்று போதும், இரண்டாவது கேட்காதீர்கள்.

இங்கிருந்து தெற்கே பத்து எட்டு வைத்தால் வடக்கு வெளி வீதி. அதன் இடத்தில் முன்பு கோட்டை மதில் இருந்தது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த வேலையில் இருந்த மாரெட்டின் பெயரிலும் பெருமாள் மேஸ்திரியின் பெயரிலும் இன்றும் தெருக்கள் இருக்கின்றன. மதில் இருந்த வரை சிம்மக்கல்லும் யானைக்கல்லும் கோட்டைக்கு வெளியே, ஆற்றுக்கும் மதிலுக்கும் நடுவே கிடந்த நிலம். மதில் போன பிறகுதான் ஊர் ஆற்றைத் தொட்டது.

நான்காவது: யானைக்கல், கல்பாலம், ஏ.வி. பாலம்

கல் யானையைப் பார்த்துவிட்டு ஆற்றுப் பக்கம் திரும்பினால் இரண்டு விதமான பாலங்கள் தெரியும். தாழ்வாகக் கிடப்பது தரைப்பாலம், ஊர்க்காரர்கள் சொல்வது கல்பாலம். உயரத்தில் வளைவு வளைவாக நிற்பது ஆல்பர்ட் விக்டர் பாலம், ஏ.வி. பாலம். விக்டோரியா ராணியின் பேரன் பெயரில் 1889-இல் திறந்தார்கள். இத்தனை வருஷத்து வெள்ளத்தையும் இன்றைய பஸ்களையும் லாரிகளையும் தாங்கி நிற்கிறது.

தண்ணீர் குறைவாக இருந்தால் கல்பாலத்தில் நடந்து கடங்கள். ஆற்றின் மட்டத்தில் நின்று ஊரை நிமிர்ந்து பார்க்கிற வாய்ப்பு வேறு எங்கும் கிடைக்காது. அணை திறந்தால் முதலில் மூழ்குவது இதுதான். தடுப்பு வைத்திருந்தால் தாண்டிப் போக வேண்டாம், ஏ.வி. பாலத்தின் நடைபாதையில் போய்விடுங்கள். அந்தத் தை மாதக் காலையில் கல்பாலத்தை ஒட்டித் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. ஒரு தாத்தா சைக்கிளை நிறுத்திவிட்டு, குனிந்து கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்.

பாலத்திலிருந்து பார்த்தால் ஆற்றுக்கு நடுவே கல் தூண்களோடு ஒரு மண்டபம் தெரியும். மைய மண்டபம். வெள்ளத்தில் அடிபட்டுச் சிதைந்து, பிறகு பழுது பார்த்தார்கள். தெப்பக்குளத்து நடுவில் இருப்பதையும் மைய மண்டபம் என்றுதான் சொல்வார்கள், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஐந்தாவது: வடகரை

நேரம் இருந்தால் இடப்பக்கம் திரும்பிச் செல்லூர் ஆப்புடையார் கோயிலுக்குப் போய்விட்டு வாருங்கள். திருவாப்பனூர் என்று சம்பந்தர் பாடிய தலம். சிவபூசை செய்யாமல் சாப்பிடாத அரசனுக்கு, வழியில் லிங்கம் கிடைக்காததால் அமைச்சர் ஒரு மரஆப்பை நட்டு இதுதான் லிங்கம் என்று சொல்லிவிட்டார். உண்மை தெரிந்து அரசன் கலங்கி வேண்ட, ஆப்பே லிங்கமானது என்பது கதை. ஆற்றங்கரை மண்ணில் அடித்த ஒரு முளைக்குச்சி தெய்வமானது என்பதில் ஒரு அழகு இருக்கிறது.

செல்லூர் நெசவுக்குப் பேர் போனது. உள்தெருக்களில் தறிச் சத்தம் இன்னும் கேட்கும். செல்லூர் கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்கு வரவேண்டும். கண்மாய், வாய்க்கால், ஆறு என்று அவ்வளவு தெளிவாக அமைத்த வழி. வாய்க்கால் குறுகிப்போய்க் கழிவுநீர் ஓடுகிற இடமானது. 2024 அக்டோபரில் ஒரே நாள் பெருமழையில் செல்லூர் வீதிகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வாய்க்கால் பாலத்தில் நின்று ஒரு தடவை பாருங்கள், நான் விளக்க வேண்டியது இருக்காது.

திரும்பி வந்தால் கோரிப்பாளையம். பாரசீகத்தில் 'கோர்' என்றால் அடக்கத்தலம். சுல்தான் அலாவுதீன் பாதுஷா, சுல்தான் சம்சுதீன் பாதுஷா இருவரும் அடங்கியிருக்கிற தர்கா இங்கே இருக்கிறது. அந்தப் பெரிய குவிமாடத்தின் கல் அழகர் மலையிலிருந்து வந்தது என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போங்கள். எல்லா மதத்துக்காரர்களும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மந்திரித்துக்கொள்ள வருவார்கள். பக்கத்திலேயே ராஜாஜி ஆஸ்பத்திரி. வயதானவர்கள் இன்றும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் தள்ளி அமெரிக்கன் கல்லூரி. 1881-இல் பசுமலையில் தொடங்கி 1909-இல் இங்கே வந்தது. அதன் சிவப்புக் கட்டடங்களை வரைந்த ஹென்றி இர்வின்தான் மைசூர் அரண்மனையையும் வரைந்தவர்.

ஆறாவது: ஆழ்வார்புரம், அழகர் இறங்குகிற இடம்

கோரிப்பாளையத்திலிருந்து ஆற்றோரமாகக் கிழக்கே வந்தால் ஆழ்வார்புரம். சாதாரண நாளில் வெறும் சரிவு. சித்திரா பௌர்ணமி விடிகாலையில் இந்தச் சரிவில்தான் கள்ளழகர் தங்கக்குதிரையில் ஆற்றுக்குள் இறங்குகிறார்.

திருவிழாவோடு சேர்த்து வர நினைப்பவர்களுக்கு: முந்தைய நாள் மூன்றுமாவடியிலிருந்து தல்லாகுளம் வரை எதிர்சேவை, அதாவது மலையிலிருந்து வருகிற அழகரை ஊரார் எதிர்கொண்டு வரவேற்பது. செம்பில் சர்க்கரை நிரப்பி, வாழையிலையால் மூடி, மேலே சூடம் ஏற்றி அழகருக்குக் காட்டுவார்கள். அன்றிரவு தல்லாகுளம் பெருமாள் கோயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் மாலையை அழகர் சூடிக்கொள்வார். விடிந்தால் ஆறு. வெள்ளிக்குதிரையில் வீரராகவப் பெருமாள் எதிர்கொள்வார். அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தியிருக்கிறார் என்பதுதான் கரையில் நிற்கிற அத்தனை பேரின் கேள்வியும். பச்சை என்றால் அந்த வருஷம் ஊர் செழிக்கும்.

பிறகு ராமராயர் மண்டபத்துப் பக்கம் தண்ணீர் பீய்ச்சுவார்கள். தோப்பறை என்கிற ஆட்டுத்தோல் பையில் தண்ணீரை நிரப்பி, தோளில் மாட்டி, சின்னக் குழாய் வழியாக மேலே தெளிப்பது. பிரஷர் பம்பு வைத்து அடிக்கக் கூடாது என்று சமீப வருஷங்களில் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். சாமி மேலும் சனங்கள் மேலும் அக்கறையோடு எடுத்த முடிவு. மறுநாள் வண்டியூர்ப் பக்கம் தேனூர் மண்டபத்தில், சாபத்தால் தவளையான மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம், அன்றிரவு ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம். முன்காலத்தில் அழகர் சோழவந்தான் பக்கம் தேனூரில்தான் ஆற்றில் இறங்கினார் என்றும், திருமலை நாயக்கர்தான் மதுரைக்கு மாற்றி மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்தார் என்றும் சொல்வார்கள். தேனூர்க்காரர்களுக்கு இன்றும் அந்த மண்டபத்தில் மரியாதை உண்டு.

கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தைகளையும் முதியவர்களையும் ஆற்றுக்குள் கூட்டிப் போக வேண்டாம். இறங்கும் நேரத்து நெரிசல் சொல்லி அடங்காது. அவர்களோடு வந்தால் தசாவதார இரவுக்கு வாருங்கள். நின்று பார்க்க இடம் கிடைக்கும்.

ஏழாவது: ஓபுளா படித்துறை வழியாகத் தெப்பக்குளம்

மதிச்சியம் தாண்டி, ஓபுளா படித்துறைப் பாலத்தில் மறுபடி தென்கரைக்கு வாருங்கள். பாலத்துக்குப் பக்கத்தில் தடுப்பணை இருப்பதால் ஆறு வறண்டிருக்கும் மாதங்களிலும் இங்கே கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கொக்கும் நீர்க்காகமும் பார்க்கலாம்.

முனிச்சாலையைத் தாண்டிக் காமராசர் சாலையைப் பிடித்தால் நேரே கிழக்கு. இந்தச் சாலையோரம் காந்தி பொட்டல் இருக்கிறது. 1921 செப்டம்பரில் மேலமாசி வீதியில் அரைவேட்டிக்கு மாறிய காந்தி, அந்த உடையில் முதலில் மக்கள் முன் வந்து நின்ற இடம். ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் பதினாறு ஏக்கர். திருமலை நாயக்கர் மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் 1645-இல் குளமானது என்பார்கள். தோண்டும்போது கிடைத்தவர்தான் பெரிய கோயிலில் இருக்கிற முக்குறுணி விநாயகர். தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் இங்கே தெப்பத்தில் சுற்றுவார்கள். அன்றைக்கு வந்தால் சாயங்காலம் வரை இருந்து விளக்கோடு பாருங்கள்.

மற்ற நாட்களில் படிக்கட்டில் உட்காருங்கள். காலையிலிருந்து நீங்கள் தேடிக்கொண்டு வந்த காட்சி இங்கே கிடைக்கும்: படி இறங்குகிறது, இறங்குகிற இடத்தில் தண்ணீர் இருக்கிறது. இது மழைத்தண்ணீர் மட்டும் இல்லை. வைகையிலிருந்து பனையூர் வாய்க்கால் வழியாக வருகிற தண்ணீர். வாய்க்காலைச் சரிசெய்து தண்ணீர் விட்ட பிறகு, பல வருஷம் பையன்கள் கிரிக்கெட் ஆடிய குளத்தில் மறுபடி தெப்பம் மிதந்தது. குளத்தோரம் யாரிடமாவது கேட்டு, வாய்க்கால் தண்ணீர் உள்ளே விழுகிற வாயைப் போய்ப் பாருங்கள். ஆற்றில் ஓட்டம் இருக்கிற நாளாக இருந்தால் அந்தச் சத்தம் சாலை இரைச்சலுக்கு மேல் கேட்கும்.

பக்கத்தில் பருத்திப்பால் வண்டி நின்றால் ஒரு டம்ளர் வாங்கிக் குடியுங்கள். பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ் குளத்தோரமே நிற்கும்.